எட்டு மிஷின் ஷெட்டில் ஒரு மாருதி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஷெட் இருக்கிறது. நாற்பதடிக்குப் பதினெட்டடி. திருப்பூரில் இதெல்லாம் ஒரு பெருமையே அல்ல. பி.என். ரோட்டிலிருந்து எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள், ஏதோ ஒரு வீட்டுப் பின்கட்டில் 'டர்ர்ர்...' என்று பவர் டேபிள் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா இதை 1993-ல் கட்டினார். நாலு ஓவர்லாக், மூணு பேட்லாக், ஒரு சிங்கர். ஆக எட்டு மிஷின். கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் ஆறு பெண்கள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்ததே அந்தச் சத்தத்தில்தான். மிஷின் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும்!

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஓடின கலரைப் பார்த்த எவனும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டான். அப்பாவும் சொல்லவில்லை. ஆனால் சாயம் போடாத துணி தைக்க வராது. தைக்காத டெய்லர் உட்கார்ந்திருக்க மாட்டான். அந்த வருஷம் நாலு மிஷின் போனது. 2020 லாக்டவுனில் டெய்லர்கள் ஊருக்குப் போனார்கள், திரும்பவில்லை. மிச்சம் நாலும் போயிற்று. அப்பா ஷெட்டைப் பூட்டினார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போவதே இல்லை. செருப்புத் தேடக்கூடப் போக மாட்டார்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். லேபிள் அரை சென்டிமீட்டர் தள்ளிவிட்டது என்று ஜெர்மன்காரனிடம் மூணு பாரா மன்னிப்புக் கடிதம் எழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் நான் மெக்கானிக். செகண்ட் ஹாண்டில் வாங்கிய மாருதி 800 ஒன்று என்னிடம் இருக்கிறது. 1983-லிருந்து 2014 வரை வந்த வண்டி. திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அதனால்தான் என்னைப் போன்ற அரைவேக்காடுகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, அடியில் ஆயில் ஒழுகுகிறது என்று வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். தரை மண். ஜாக்கியை நம்பக்கூடாது என்று தெரியும், அந்தளவு அறிவு உண்டு. எனவே முட்டுக்கு ஒரு ஹாலோ பிளாக் கல்லை வைத்தேன். (அறிவு அங்கேயே தீர்ந்துவிட்டது.) ஹாலோ பிளாக் சுவர் கட்டத்தான். பாரம் பரவலாக இறங்கினால் தாங்கும். ஒரே முனையில் அழுத்தினால் பிஸ்கட்.

சாக்கை விரித்து, படுத்து, தோள் வரை உள்ளே நுழைந்துவிட்டேன். அப்போதுதான் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் திண்ணையிலேயே வைத்தது ஞாபகம் வந்தது. முனகிக்கொண்டே வெளியே வந்து திண்ணைப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம்.

ஜாக்கி மண்ணில் சாய்ந்து, வண்டி இறங்கி, ஹாலோ பிளாக் பொடியாகி, என் சாக்கின் மேல் கிடந்தது. அறுநூத்தைம்பது கிலோ. என் மனைவி சமையலறையிலிருந்து, "ஏனுங்க, என்னத்தைப் போட்டு ஒடச்சீங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பா வாசற்படியில் நின்று சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஷெட்டுல தளம் போட்டிருக்குதில்ல. சாவி ஆணியில மாட்டியிருக்குது."

அவ்வளவுதான். எனக்கு இரண்டு கவளம் இறங்கவில்லை.

மறுவாரமே நான் ஆளே மாறிவிட்டேன். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் கார் வைத்திருப்பவர்கள், என் மாதிரியே ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியங்கள். கோவையில் ஒரு ஒர்க்ஷாப்பை மூடுகிறார்கள், இரட்டைத் தூண் லிஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டோம். மூன்று பேரும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு தீபாவளி போனஸ். நாலு டன் தூக்கும்.

"ஆறரை மூட்டை அரிசி கனம் இருக்கற காருக்கு நாலு டன்னா? வூட்டையும் சேர்த்துத் தூக்கறீங்களா?" என்றாள் மனைவி. (அவள் அரிசி மூட்டையை நூறு கிலோ என்று கணக்குப் பண்ணுகிறவள்.)

லிஃப்டை வாங்கும் முன் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று விற்றவரே சொன்னார், நல்ல மனிதர். நாலு இஞ்சாவது நல்ல கான்கிரீட் இருக்க வேண்டுமாம். ஏன் என்று அவர் விளக்கியதும் வயிற்றைக் கலக்கியது. தூண் இரண்டும் ஓரத்தில் நிற்கின்றன. கார் நடுவில், கைகளின் நுனியில் தொங்குகிறது. ஆகவே தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும், பின்பக்க போல்ட்டெல்லாம் தரையைப் பிடுங்கிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். காரைத் தாங்குவது தூண் அல்ல சார், அந்த போல்ட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் தரை!

டிரில்லரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். எங்கே மிஷின் நின்றது என்று எண்ணெய்க் கறை இன்னமும் சொன்னது. எட்டு வட்டம். துளை போட ஆரம்பித்தேன். இரண்டு இஞ்சு போனதும் செம்மண் வந்தது.

"ரெண்டுதான். மிஷினுக்கு அது போதும். அன்னிக்கு அதுக்கே காசு பத்தல" என்று குரல் கேட்டது. திரும்பினால் அப்பா, ஷெட் வாசலில். உள்ளே வரவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டோம். தளம் முழுவதையும் உடைக்க வேண்டாம், தூணுக்குத் தூண் நாலடிச் சதுரம் வெட்டி, ஒரு அடி ஆழம் தோண்டி, கம்பி வலை போட்டுக் கான்கிரீட் நிரப்பலாம் என்று முடிவு. எட்டு மூட்டை சிமென்ட்.

"ஏனுங்க தம்பி, காரு நிக்கறதுக்கு எதுக்குங்க கம்பி?" என்றார் கொத்தனார். அதைச் சமாளித்தேன். கலவை போடும்போதுதான் வினை. கரண்டிக்கு லகுவாக இருக்கட்டும் என்று இன்னொரு குடம் தண்ணீரைச் சாய்க்கப் போனார். மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டருக்கு மேல் போனால் பலம் குறையும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் முப்பது வருஷ அனுபவஸ்தரிடம் மெர்ச்சண்டைசர் என்ன பேசுவது? ஜெர்மன்காரனுக்கு எழுதுகிற மாதிரி, "இல்லீங்க... வந்துங்க..." என்று இழுத்தேன்.

"குடத்தைக் கீழ வைய்யி!"

அப்பா. இந்தத் தடவை ஷெட்டுக்குள், கலவைக்குப் பக்கத்தில். டெய்லர்களை மேய்த்த அந்தப் பழைய குரல். "மேல நிக்கப் போறது என்ற பையன் இல்லீங்க, தலைக்கு மேல காரை வெச்சுட்டுக் கீழ நிக்கப் போறான். கெட்டியாவே போடுங்க."

கொத்தனார் குடத்தை வைத்துவிட்டார்.

அன்று முதல் கியூரிங் அப்பா பொறுப்பு. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஏழு நாளில் முக்கால்வாசிப் பலம்கூட முழுதாக வராது, இருபத்தெட்டு நாள் பொறுத்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்பு, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்று லாரித் தண்ணீர் வாங்கினார். குளிக்க எங்களுக்கு போர் தண்ணீர், கான்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர்! சணல் சாக்குக்குப் பதில் பனியன் வேஸ்ட்டைப் பரப்பி, காலையும் மாலையும் நனைத்தார். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? இந்தியா முழுக்க மெக்கானிக் கை துடைப்பதே எங்கள் ஊர்க் கழிவுத் துணியில்தானே.

இரண்டாம் வாரத்திலிருந்து அவர் நாற்காலியும் தினத்தந்தியும் ஷெட்டுக்குள் குடியேறின. மூன்றாம் வாரம் டீயும் அங்கேயே கேட்டார். பதினேழாம் நாள் நான் அவசரப்பட்டு, "போதுமுங்கப்பா, கல்லு மாதிரி இருக்குது" என்றேன். "இருபத்தெட்டுன்னு நீதானே சொன்ன? டெலிவரி தேதிக்கு முந்தி எவனாச்சும் பெட்டியைக் கட்டுவானா?" என்றார்.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிறு. போல்ட் இறங்கியது, தூண் நின்றது. பழைய மூன்று ஃபேஸ் லைன் இருந்ததால் மோட்டாருக்குச் சிரமமில்லை. முதலில் ஒரு அடி தூக்கி, வண்டியை ஆட்டிப் பார்த்தோம். அசையவில்லை. போல்ட்டை மறுபடி முடுக்கி, லாக்கில் உட்கார வைத்து, ஆறடிக்குத் தூக்கினோம். நண்பர்கள் கை தட்டினார்கள். நான் அடியில் போகத் தயங்கி, ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அப்பா விறுவிறுவென்று போய் வண்டிக்கு நேர் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார். ஒழுகிய ஆயில் ஒரு சொட்டு அவர் கையில் விழுந்தது. பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பனியன் வேஸ்ட்டை எடுத்தார். துடைக்கப் போனவர் நிறுத்தி, துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்லாக்குல ஊசி தாண்டியிருக்குது பாரு. எவன் தச்சானோ" என்றார். அப்புறம்தான் கையைத் துடைத்தார்.