மீஸான் கட்டை இல்லாத கபுறு



புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பாதை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, பின்னர் இருபுறமும் நீர் விரிந்து கிடக்கும் ஆனையிறவு. கடந்த பாடசாலை விடுமுறையில் அவ்வழியே எனது உம்மாவை அழைத்துச் சென்றேன். எழுபதை எட்டிய அவருக்கு அங்கே காண வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சின்னஞ்சிறு கபுறு.

1988இல் எனது தம்பி காய்ச்சல் கண்டு வபாத்தானான். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது, எனக்கு ஏழு. வெள்ளைத் துணியில் சுற்றிய அவனை வாப்பா இரு கைகளிலும் ஏந்தி நடந்ததும், நான் அவரது சாரத்தைப் பிடித்தபடி பின்னால் சென்றதும் இன்றும் நினைவிலிருக்கிறது.

இரண்டு வருடங்களின் பின், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெருவை விட்டு வெளியேற எமக்கு இரண்டு மணித்தியாலமே வழங்கப்பட்டது. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறே வெளியேற்றப்பட்டார்கள். அந்த அவசரத்திலும் உம்மா வாப்பாவிடம் கேட்டது ஒன்றுதான். "பிள்ளைக்கு ஒரு ஸலாம் சொல்லிட்டு வாங்க." வாப்பா தெருமுனை வரை போனார். ஆயுதம் தரித்தவர்கள் வழிமறிக்கவே திரும்பி வந்தார்.

புத்தளத்து மக்கள் சோறு சமைத்துத் தந்து எம்மை வரவேற்றார்கள். கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. வாப்பா தையல் மெஷின் ஒன்றைக் கடனுக்கு வாங்கினார். தங்கைமார் வளர்ந்து குடும்பமானார்கள். நான் அரபுக் கல்லூரிக்குப் போனேன். யாராவது, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் உம்மா, "ஐந்து" என்பார். நாங்கள் இருப்பதோ நால்வர்.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் பலர் ஊர் பார்க்கச் சென்றார்கள். மறு வருடம் வாப்பாவும் போய் வந்தார். "பிள்ளைட கபுறு அப்படியே இருக்கு" என்றார். உம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாப்பா வபாத்தாகி, இத்தா முடிந்த பிறகே, "வாப்பா இங்க, பிள்ளை அங்க. ஒருக்கா என்னைக் கூட்டிட்டுப் போ மகன்" என்றார்.

நாங்கள் போனபோது சோனகத் தெருவில் சில வீடுகளில் விளக்கு எரிந்தது. சில வீடுகளில் சுவரைப் பிளந்துகொண்டு மரம் நின்றது. எங்கள் வளவில் கிணறு மட்டும் அப்படியே இருந்தது. உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கிடக்கு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பெண்கள் மையவாடிக்குள் செல்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உம்மா அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. ஊர் வழக்கப்படி வாயிலிலேயே நின்றுகொண்டு அடையாளம் சொன்னார். "மேற்குச் சுவரிலிருந்து மூணாவது வரிசை. பூவரச மரத்துக்கு நேரே."

பூவரச மரம் இல்லை. வரிசையும் இல்லை. இடுப்பளவு புல்லும் முட்செடியும் மண்டிக் கிடந்தன. நட்டுவைத்த மீஸான் கட்டைகள் உக்கி மண்ணாகிப் போயிருந்தன. முக்கால் மணித்தியாலம் தேடினேன். ஏதாவதொரு மேட்டைக் காட்டி, "இதுதான் உம்மா" என்று சொல்லிவிடலாமா என்றும் மனம் ஊசலாடியது. ஒரு தாயின் மனம் ஆறுமே!

அப்போதுதான் வகுப்பில் எத்தனையோ தடவை நான் கற்பித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் (ரழி) அவர்களும் பால்குடிப் பருவத்திலேயே வபாத்தானார்கள். நபியவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அன்று சூரிய கிரகணம் ஏற்படவே, அந்தப் பிள்ளையின் பிரிவினால்தான் சூரியன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு அது எவ்வளவு ஆறுதலான பேச்சு! ஆயினும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். துக்கத்திலும் உண்மையல்லாத ஆறுதலை அவர்கள் ஏற்கவில்லை.

நான் வாயிலுக்குத் திரும்பி வந்து, "கண்டுபிடிக்க முடியவில்லை உம்மா" என்றேன்.

உம்மா அழவில்லை. "தெரியும் மகன். உங்கட வாப்பாவும் கண்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் என்ட முகத்தைப் பாக்காமத்தான் சொன்னவர்" என்றார். இத்தனை வருடமும் வாப்பா உம்மாவின் மனத்தைப் பாதுகாத்தார். உம்மா, தமக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் வாப்பாவின் மனத்தைப் பாதுகாத்திருக்கிறார்.

சிறிது நேரத்தின் பின் உம்மா சொன்னார்: "கட்டையை நம்பியா பிள்ளையை வச்சம்? அல்லாஹ்விட்டத்தானே வச்சம். அவனுக்கு இடம் தெரியும். அன்றைக்குச் சொல்லாமப் போன ஸலாத்தைச் சொல்லத்தான் வந்தன். இங்க கிடக்கிற எல்லாருக்கும் சேத்துச் சொல்லு மகன். வர முடியாமப் போன உம்மாமாரும் இருப்பாங்க."

நான் உள்ளே நின்று கபுறுவாசிகள் அனைவருக்கும் ஸலாம் சொன்னேன். உம்மா வாயிலில் நின்று ஆமீன் சொன்னார்.

சகோதரிகளே! பிள்ளையின் கபுறு எதுவென்று அறியாத தாய்மார் நம் நாட்டில் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். யுத்தம் அவ்வாறு ஆக்கியது. 2004 டிசம்பர் 26இல் கடலும் அவ்வாறு ஆக்கியது. இழந்த பின் வாழ்வதற்கு என்ன அர்த்தம் என்று கேட்போருக்குச் சொல்ல, என் கிதாபுகளில் நான் கற்றவை நிறைய உண்டு. ஆனால் அன்று அந்த வாயிலில் கண்டது இதுதான்: நாம் நேசித்தவை யாவும் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். உரியவனிடம் அவை திரும்பிவிட்டாலும் நேசம் நம்மிடமே தங்கிவிடுகிறது. அதைப் பிறருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்போது வாழ்வதற்கு ஒரு காரியம் கிடைத்துவிடுகிறது.

அல்லாஹ் அப்பிள்ளைகளைப் பெற்றோருக்கு மறுமையின் சேமிப்பாக ஆக்குவானாக!

உம்மா இப்போதும் தமக்கு ஐந்து பிள்ளைகள் என்றே சொல்கிறார். கணக்கு சரிதான்.