அரை அங்குலம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி பேராசிரியர் கேட்டபோது, உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். வரலாற்று மாணவி வேறு எதை எழுதுவாள்? ஆனால் பேனாவை எடுத்தால் கல்வெட்டு வரவில்லை. ஒரு காரின் முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் வெள்ளிப் பட்டைதான் கண்முன் வந்து நிற்கிறது. சென்ற பொங்கலுக்கு முந்திய வாரம் அதை நான் அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். அந்த அரை அங்குலத்தைச் சொல்லித் தீர்த்தால்தான் குடவோலைக்குப் போக முடியும் போலிருக்கிறது. பொறுத்தருள்க.

எங்கள் ஊர் பழையசீவரம். வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் நரசிம்மர் மலை. அக்கரையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எங்கள் ஊருக்கு எழுந்தருள்வதை நண்பர்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையோரத்தில்தான் என் சித்தப்பாவின் மெக்கானிக் பட்டறை.

அங்கே எட்டு மாதமாக ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றுகொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருடையது. இரண்டு கதவு வண்டி. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்து, 1961 முதல் நம் பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. உருவம் வரைந்தவர் மிகெலோட்டி என்னும் இத்தாலியர். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் கல்லூரி மிதிவண்டி நிறுத்தத்தில்கூடத் திருப்பிவிடலாம்! இதன் உடம்பு ஒரே வார்ப்பு அன்று. தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டுப் பூட்டியது. மேற்கூரையையும் அவ்வாறே கழற்றித் தூக்கிவிடலாம். யாரோ ஒரு பழைய உரிமையாளர் அப்படித் தூக்கிவிட்டு, இதைத் திறந்த வண்டி ஆக்கியிருந்தார். கூரை போனதும் மழை நீர் முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் தேங்கி, விளிம்பு முழுதும் துரு. சித்தப்பா அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, வண்ணமும் அடித்து முடித்திருந்தார். மிச்சம் கண்ணாடியும், அதன் பீடிங்கும், பீடிங்கின் பள்ளத்தில் பதியும் வெள்ளிப் பட்டையும்.

மாட்டுப் பொங்கலன்று மனைவியோடு அந்த வண்டியில் பார்வேட்டைக்கு வரவேண்டும் என்பது பெரியவரின் ஆசை.

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது 82. இளமையில் அதே தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். அங்கே 1988-இல் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. தாத்தா அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இந்த ஹெரால்டு வந்த நாள் முதல் கயிற்றுக்கட்டிலைப் பட்டறை வாசலில் போடச் சொல்லிவிட்டார். ஆனால் வேலையைத் தொட முடியாது. கை நடுக்கம். தேநீர்க் குவளையையே இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார்.

கண்ணாடி பொருத்தும் நாளில் சித்தப்பா வெளியே, நான் வண்டிக்குள்ளே, தாத்தா கட்டிலில். ரப்பர் பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினோம். அதன் உள் உதட்டுக்குள் நூல்கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளையும் அடி நடுவில் தொங்கவிட்டோம். வழுக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். தாத்தா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார்.

"எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப் பூடும். சோப்புத் தண்ணி. சோப்புத் தண்ணியத் தவிர வேற எதுவும் கிட்ட வரக்கூடாது."

சித்தப்பா உள்ளங்கையால் அழுத்த, நான் கயிற்றைச் சிறுகச் சிறுக இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தின் விளிம்பைத் தாண்டி அங்குலம் அங்குலமாக உள்ளே வந்து விழுந்தது. பழைய கடினக் கண்ணாடி. ஓரத்தில் ஒரு சுத்தியல் முனை பட்டாலும் முழுவதும் கற்கண்டுபோல உதிர்ந்துவிடும். நாற்பது நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே ஐயம். கடைசி மூலை விழுந்தபோது சித்தப்பா "நைனா!" என்று கத்தினார். தாத்தா தலையை மட்டும் ஆட்டினார்.

பட்டை மறுநாள். பளபளப்பு ஏற்றிய வளையும் பட்டை அது, சுருளாக வந்திருந்தது. பெரியவர் எங்கெங்கோ சொல்லிவைத்து, நான்கு மாதம் காத்திருந்து வாங்கியது. சித்தப்பா கிளட்ச் வேலையில் இருந்தார். என் விரல் மெலிது என்பதால் வேலை என்னிடம் வந்தது. தாத்தா ஒரு சைக்கிள் ஆரக்கம்பியை வளையமாக வளைக்கச் சொன்னார். அந்த வளையம் பீடிங்கின் பள்ளத்தை விரித்துக்கொண்டே போகும். பின்னாலேயே பட்டை உள்ளே போய் அமரும். ரப்பர் வாயை மூடிக்கொள்ளும்.

"இழுக்காதே கண்ணு. ஊட்டு. குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி ஊட்டு."

சொல்லிவிட்டு, வெயில் ஏறவே உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

முதல் பக்கம் ஊட்டினேன். மேல் மூலையில் பட்டை வளைவைப் பிடிக்காமல் குறுக்கே ஓடப் பார்த்தது. சற்று இழுத்தேன், சொன்னபடி கேட்டது. இழுத்தால் வேலை விரைவாக நடக்கிறதே! மேல் பக்கம் முழுவதும் இழுத்தே பதித்தேன். அடுத்த பக்கமும் அப்படியே. அடி நடுவில் இரண்டு முனையும் சந்தித்த இடத்தில், மயிரிழைகூடத் தெரியாதபடி வெட்டி, அதன்மேல் சின்ன மூடித் தகட்டை மாட்டினேன். சித்தப்பா வந்து பார்த்து, "பாப்பா, கம்பெனி வேலை மாதிரி இருக்கே" என்றார். அந்தச் சொல்லோடு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் மூடித் தகடு கீழே கிடக்கிறது. இரண்டு முனைக்கும் நடுவே கறுப்பாக ரப்பர் பல்லை இளிக்கிறது. இழுத்து நீட்டிய பட்டை இரவில் தன் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம். வெட்டிய துண்டோ என் நகத்தளவுதான். அதையும் பெருக்கித் தள்ளியாயிற்று. பொங்கலுக்கு ஐந்து நாள். வேறு சுருள் வாங்க இன்னும் நான்கு மாதம்.

தாத்தா தடியூன்றி வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நலமாக இருந்திருக்கும்.

"வெயில்ல சூடாவட்டும். அப்புறம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் விரலால வருடிக் கொண்டா" என்றார்.

அன்று பகல் முழுவதும் அதே வேலை. இழுத்துப் பதித்த இடங்களில் பட்டையை அழுத்தி அழுத்தி நடுவை நோக்கி நகர்த்தினேன். கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியது. கால் அங்குலம் திரும்பி வந்தது. மறு கால் அங்குலம் வரவேயில்லை. பாட்டியின் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியைத் தாத்தா கேட்டு வாங்கினார். சித்தப்பா தகடு வெட்டும் கத்தரியால் ஒரு துண்டு வெட்டினார். தாத்தா விரலால் கோடு காட்ட, ஒரு கம்பியின்மேல் வைத்து நான் இரண்டு ஓரங்களையும் மடக்கினேன். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தேன். பழைய மூடி முக்கால் அங்குலம், இது ஒன்றேகால். இறுக்கமாக உட்கார்ந்தது. இரண்டு வாளித் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி, உள்ளே காய்ந்த துணியால் தடவிப் பார்த்தோம். சொட்டு ஈரமில்லை.

"இனிமே யாருக்கும் தெரியாது" என்றார் சித்தப்பா.

"அவர்கிட்ட சொல்லிடு" என்றார் தாத்தா என்னிடம்.

பெரியவர் போகிப் பண்டிகைக்கு முதல் நாள் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்கண்ணாடியின் அடியில் அவர் விரல் நின்றது. அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்: இழுத்தது, வெட்டியது, டிபன் பாக்ஸ் மூடி, எல்லாம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூடியை இன்னொரு முறை தடவினார். முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய். பிறகு கட்டிலைப் பார்த்து, "ஐயா, நீங்க இந்த வண்டி செஞ்ச இடத்துல இருந்தவராமே. ஒரு ரவுண்டு வாங்களேன்" என்றார்.

தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்தார். நான் பின்னால். பாலாற்றுப் பாலத்தை நோக்கி வண்டி போயிற்று. காற்றில் தாத்தாவின் துண்டு பறந்தது. நடுங்கும் கையை நீட்டிக் கண்ணாடியின் ஓரத்து ரப்பரை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கரையில் கோவில் தெரிந்ததும் எனக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், அங்கே 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை இருந்ததையும், இருப்பில் வைத்த தைலங்களின் பெயர்கள்கூடக் கல்வெட்டில் இருப்பதையும் காற்றுக்கு மேல் கத்திச் சொன்னேன்.

தாத்தா திரும்பிப் பார்த்தார்.

"தைலமெல்லாம் எழுதி வெச்சிருக்கானே, ரப்பருக்கு எண்ணெய் போடாதேன்னு எழுதி வெச்சிருக்கானா?"

"இல்லை தாத்தா" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். வண்டி பாலத்தின்மேல் ஏறியது.