மொந்தே ரோசாவின் அடிவாரத்தில்

ஆல்ப்ஸ் மலைகள் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது, நாட்காட்டிப் படங்களில் காணும் பச்சைப் புல்வெளியும், கழுத்தில் மணி கட்டிய பசுக்களும், தொலைவில் வெண்பனி போர்த்த சிகரமுமே. அந்தப் படங்களுக்குள் அடங்காத கடுமையான மலைப்புறங்களும் அங்கே உண்டு. வட இத்தாலியில், சுவிட்சர்லாந்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் அன்சாஸ்கா பள்ளத்தாக்கு அத்தகையது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், உரோமையில் மேற்படிப்புப் பயின்றுகொண்டிருந்த இளங்குரு ஒருவருடன் அங்கே நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. எந்தச் சிகரத்திலும் நான் ஏறவில்லை. ஏறப் புறப்பட்ட ஒரு கணவாயையும் எட்டாமலே திரும்பினேன். எனினும், அந்தத் திரும்புதலின் பொருட்டே இதை எழுதுகிறேன்.

தோமொதோசொலா என்னும் இரயில் நிலைய நகரிலிருந்து பேருந்து புறப்படுகிறது. ஆன்சா ஆற்றின் கரையோரமாக, கஷ்கொட்டை மரக் காடுகளினூடே பாதை வளைந்து ஏறுகிறது. செப்போ மொரெல்லி என்ற ஊருக்கு அப்பால் இரு புறத்துப் பாறைகளும் நெருங்கி வந்து, கதவு அடைத்தாற்போல் வழியை மறிக்கின்றன. அந்தத் தடையைக் கடந்ததும் பள்ளத்தாக்கு விரிகிறது. அங்கேதான், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், பல சிற்றூர்களின் தொகுப்பாகிய மக்குஞ்ஞாகா அமைந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மேற்கே வானம் இல்லை. மொந்தே ரோசாவின் கிழக்குச் சுவரே நிற்கிறது.

பாறையும் பனியுமான அச்சுவர் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம் கொண்டது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைக் கடலோரத்தில் கொண்டுவந்து நட்டால் எவ்வளவு உயரம் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு! உச்சியில் நிற்கும் துஃபூர் சிகரம் 4,634 மீட்டர். விடியற்காலையில் அந்தப் பனி முழுவதும் ரோஜா நிறம் கொள்கிறது. ஆனால் ரோசா என்ற பெயர் அதனால் வந்ததன்று. பனியாற்றைக் குறிக்கும் பழைய வட்டார வழக்குச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர்.

இவ்வூரை உருவாக்கியவர்கள் வால்சர் எனப்படும் மலைமக்கள். 13-ஆம் நூற்றாண்டளவில், இன்றைய சுவிட்சர்லாந்தின் சாஸ் பள்ளத்தாக்கிலிருந்து மொந்தே மோரோ கணவாயைக் கடந்து, கால்நடைகளோடும் குழந்தைகளோடும் குடியேறியவர்கள். இத்தாலிய மண்ணில் வாழ்ந்தாலும் பழைய செருமானிய மொழி வழக்கு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்தனர். அவர்களது பழைய கோவிலின் அருகே, பல நூற்றாண்டு கண்ட லிண்டன் மரம் ஒன்று பருத்து நிற்கிறது. முற்காலத்தில் ஊர்க்கூட்டம் அதன் நிழலில்தான் கூடுமாம். நம் ஊர்களின் ஆலமரத்தடியே எனக்கு நினைவுக்கு வந்தது.

நடந்து செல்ல விரும்புவோர்க்கு இங்கிருந்து மூன்று முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, பெச்செத்தோ சிற்றூரிலிருந்து பெல்வெதேரே பனியாற்றுப் பக்கமாகச் சென்று, சுமார் 2,070 மீட்டர் உயரத்திலுள்ள சம்போனி மலைக்குடிலை அடைவது. அங்கே நின்றால் கிழக்குச் சுவரைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். இரண்டாவது, குவாராத்சா பள்ளத்தாக்கின் வழியே 2,738 மீட்டர் உயரமுள்ள துர்லோ கணவாயைக் கடந்து, மறுபக்கத்து அலாஞ்ஞா ஊருக்கு இறங்குவது. இராணுவத்தார் கல் பாவிய பாதை அது. அபாயம் குறைவு, ஆனால் ஒரு நாள் முழுவதையும் விழுங்கும் நீண்ட நடை. மூன்றாவது, வால்சர் முன்னோர் வந்த மொந்தே மோரோ வழி. ஊரிலிருந்து சுமார் 1,500 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். கம்பிவட ஊர்தியும் உண்டு. கணவாயருகே பாறைமேல் பொன்னிறத்தில் பனிமாதாவின் திருவுருவம் நிற்கிறது.

இவை கால்நடை வழிகள். கிழக்குச் சுவரில் ஏறுவதோ தேர்ந்த மலையேறிகளுக்கே உரியது. 1872-ஆம் ஆண்டில் பெர்டினாண்ட் இம்செங் என்ற வழிகாட்டி, ஆங்கிலேயர் சிலரை முதன்முதலாக அச்சுவரின் வழியே உச்சிக்கு அழைத்துச் சென்றார். 1881-இல் அதே சுவரில், மரினெல்லி என்ற இத்தாலிய மலையேறியோடு சென்றபோது பனிச்சரிவு அடித்து வீழ்த்தியது. மரினெல்லியும் இம்செங்கும் பெத்ரன்சீனி என்ற மற்றொரு வழிகாட்டியும் மாண்டனர். வழியை முதலில் கண்டறிந்தவரையே அந்த வழி விழுங்கியது. சுவரின் இடுப்பில், 3,000 மீட்டருக்குச் சற்று மேலே, இன்று மரினெல்லியின் பெயரால் ஒரு சிறு குடில் இருக்கிறது.

அந்தக் குடிலில் 1889 சூலை மாத இறுதியில் ஓர் இரவு தங்கியவர்களுள் அக்கில்லே ராத்தி என்ற 32 வயதுக் குருவானவர் ஒருவர். மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தவர். உடன் வந்தவர் கிராசெல்லி என்ற மற்றொரு குரு. வழிகாட்டிகள் கதின், புரோமென் என்னும் இருவர். மறுநாள் முழுவதும் ஏறி முகட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் இறங்க முயலாமல், 4,600 மீட்டரை ஒட்டிய உயரத்தில், ஒடுங்கிய பாறை விளிம்பில் நின்றபடியே இரவைக் கழித்தார்கள். கண் அயர்ந்தால் குளிர் கொல்லும், ஆகவே உறங்கவில்லை. விடிந்தபின் துஃபூர் சிகரத்தைத் தொட்டு, அதுவரை எவரும் கடந்திராத சும்ஸ்டைன் கணவாயைத் தாண்டி, செர்மாட் பக்கமாக இறங்கினார்கள்.

இந்தக் குருவானவரே 1922-இல் 11-ஆம் பத்திநாதர் என்ற பெயரோடு பாப்பரசரானார். 1923-இல் ஆல்ப்ஸ் கணவாயில் பயணிகளுக்கு அடைக்கலமனை நிறுவிய புனித பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவர் அவரே. அதே 1923-இல் ரோச் ஆண்டகையைத் தூத்துக்குடியின் ஆயராக நியமித்து, இலத்தீன் வழிபாட்டு முறையில் நம் நாட்டவர் ஆயராகும் வழியைத் திறந்தவரும் அவரே. தம் ஏற்றத்தைப் பற்றி இத்தாலிய ஆல்ப்ஸ் கழகத்தின் இதழில் எழுதியபோது, மலையேற்றம் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டன்று, விவேகத்தோடு செய்ய வேண்டிய காரியம் என்பதையே அவர் வற்புறுத்தினார்.

இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். படித்தது காலுக்கு இறங்கவில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

அன்று மொந்தே மோரோவுக்கு நடந்தே ஏறுவது என்று நான்தான் தீர்மானித்தேன். புறப்படும்போதே எட்டரை மணி. அங்கே அது மிகத் தாமதம். கோடையில் இத்தாலியச் சமவெளியின் வெப்பக் காற்று மேலெழுந்து, நண்பகலுக்குள் மலையை மேகத்தால் மூடிவிடும். பாதி வழியில், வேலியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்து, கீழே கையைக் காட்டினார். “திரும்பிப் போகச் சொல்கிறார், சாமி” என்றார் இளங்குரு. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இன்னும் கொஞ்சந்தானே” என்றேன் நான். அவர் மறுத்துப் பேசவில்லை.

முக்கால் மணி நேரத்தில் மேகம் இறங்கியது. பாறைகளில் தீட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் குறிகள் ஒன்றொன்றாய் மறைந்தன. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், இளங்குரு ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு நின்றார். “சாமி, எனக்கு முன்பே கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் மூத்தவர், எப்படிச் சொல்வது என்று பேசாதிருந்தேன்” என்றார்.

அந்தச் சொல் குளிரைவிட அதிகமாக என்னைத் தைத்தது. என் ஆசையை நான் துணிவு என்று எண்ணியிருந்தேன். அதன் விலையைச் செலுத்த இருந்தவரோ அவர். உடனே திரும்பினோம். ஒருவர் ஒரு குறியின் அருகே நிற்க, மற்றவர் அடுத்த குறியைத் தேடிக் குரல் கொடுக்க, இப்படியே இறங்கினோம். ஆலங்கட்டி மழை அடித்தது. ஊரை அடைந்தபோது மாலை ஐந்து மணி. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை பழைய கோவிலின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். மலையில் மாண்டவர்களின் பெயர்களை அங்கே வாசிக்கலாம். ஒரே கயிற்றில் பிணைந்து ஏறுவோரில் ஒருவர் கால் தவறினால் மற்றவரும் இழுபடுவர். ஆகவேதான் நல்ல வழிகாட்டி, கூட்டத்தில் மிகத் தளர்ந்தவரின் நடைக்கே தம் நடையை அளவாக்குகிறார். முந்திய நாள் நான் பின்னால் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், ‘உங்களுக்கு இயலுமா?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும்.

இன்று அந்த மலையும் முன்போல் இல்லை. 1979-இல் பனியாற்றின் மேலிருந்த ஏரி உடைந்து வெள்ளம் பாய்ந்தது. 2002-இல் பனியாற்றின் மேலேயே பெரும் ஏரி ஒன்று திடீரெனத் தேங்கி ஊரை அச்சுறுத்தவே, நீரை இறைக்க இயந்திரங்களைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. வெப்பம் ஏற ஏறப் பாறைகளைப் பிணைத்திருக்கும் உறைபனி இளகிக் கற்கள் சரிகின்றன. பனியாறு மெலிந்து அதன் கரைகள் இடிகின்றன. ஆகவே அங்கே செல்வோர் பழைய நூல்களை மட்டும் நம்பாமல், அன்றன்று ஊராரிடம் கேட்டு, விடியலிலேயே புறப்பட்டு, நண்பகலுக்கு முன் இறங்கத் தொடங்குவது நலம்.

பனிமாதாவின் பொன்னுருவை நான் இன்னும் கண்டதில்லை. அந்த இளங்குரு இப்போது நாடு திரும்பி, ஒரு பங்கில் பணியாற்றுகிறார். சந்திக்கும்போதெல்லாம், “மீண்டும் போவோமா, சாமி?” என்று சிரிப்பார். போவதாயின், முன்னால் நடப்பவர் அவரே. அவர் திரும்புவோம் என்றால் திரும்புவோம்.