முதற் கிழமை

நியமனம் பெறும் ஆசிரியர்களுக்கு மாலையிட்டு, ஆசிரியப் பணியின் பெருமையை எடுத்துரைக்கும் மேடைகள் பல உள. அவ்வாசிரியர் முதன்முதலாக ஒரு வகுப்பறையின் வாசலிலே தனியே நிற்கும் திங்கட்கிழமைக் காலையைப் பற்றி அம்மேடைகளில் எவரும் பேசுவதில்லை. பேசியிருந்தால் ஹற்றனுக்கு அப்பால் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிலே முதலாந் தரத்தைப் பொறுப்பேற்க வந்த அந்த இளம் ஆசிரியைக்கு அது சற்றேனும் உதவியிருக்கும்.

அவள் வடமராட்சியிலே பிறந்து வளர்ந்தவள். தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வியைப் பயின்று, மூன்றாம் ஆண்டுக் கட்டுறுபயில்வையும் ஊருக்கு அண்மையிலிருந்த பாடசாலையிலேயே முடித்திருந்தாள். பாடக்குறிப்பு எழுதுவதிலே வல்லவள் என்று பெயரும் எடுத்திருந்தாள். முதல் ஐந்து நாளுக்குமான குறிப்புகளைப் புகையிரதத்திலே வரும்போதே அவள் எழுதி முடித்துவிட்டாள்.

பாடசாலை ஒரே மண்டபம். இடையே சுவரில்லை. பழைய பலகைத் தட்டிகள் இரண்டு மூன்று வகுப்புகளைப் பிரிப்பதாகப் பாவனை செய்தன. முதலாந் தரம் பாடினால் மூன்றாந் தரத்தின் வாய்ப்பாடு தடுமாறும். வாய்ப்பாடு உரத்து ஒலித்தாற் பாட்டு அடங்கிப்போகும். தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகங்களைப் பொறுப்பாக்கிய கட்டளைச் சட்டம் 1907இலே வந்தது. எனினும் சட்டம் ஏட்டில் ஏறிய வேகத்திற் கட்டடங்கள் மண்ணில் எழவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1977 தொடக்கமே பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அந்த மண்டபத்தின் தகரக் கூரைக்கு இவ்வரலாறு முழுவதும் தெரியும் போலும். மழை பெய்தபோது அது பேசிய பேச்சில் எந்த ஆசிரியரின் குரலும் எடுபடவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் சென்றபோது பிள்ளைகள் இருபத்து மூவரும் ஏற்கெனவே வந்திருந்தனர். கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் பிரட்டுக்குப் போகும் வழியிலேயே பிள்ளைகளை விட்டுச் செல்வதால், அங்கே பாடசாலை மணிக்கு முன்பே வகுப்பு நிறைந்துவிடும். ஒரு தாய் மட்டும் போகாமல் வாசலில் நின்றாள்.

“எத்தனை நாளைக்கு டீச்சர் இருப்பீங்க? முன்ன வந்த டீச்சர் மூணு மாசத்துல போயிட்டாங்க.”

குற்றஞ்சாட்டும் தொனி அதில் இருக்கவில்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள். “இருப்பன்” என்று இவள் சொன்னாள். ஒரு வருடம் பொறுத்தால் இடமாற்றத்துக்கு வழி பார்க்கலாம் என்று தந்தை புகையிரத நிலையத்திலே கூறியது அக்கணத்தில் நினைவுக்கு வந்தது. தாய் தலையசைத்துவிட்டு மலைக்கு ஏறினாள்.

அன்று பிற்பகலுக்குள் அவளுடைய தொண்டை கட்டிவிட்டது. “கெதியா வரிசையில நில்லுங்கோ” என்றாள், எவரும் அசையவில்லை. “பேந்து விளையாடலாம்” என்றாள். விளையாட்டு என்ற சொல் மட்டும் விளங்கியதால் ஐந்தாறு பேர் வெளியே ஓடினர். அவள் “ஓம்” என்னும் ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தமிழ்மொழிமூலப் பாடசாலை, தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் ஆசிரியை. மொழியிலே இடர்ப்பாடு வரக்கூடும் என்று எந்தப் பாடக்குறிப்பும் எதிர்பார்த்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நிகழ்ந்ததுதான் அவ்வாரத்தின் மையம். பிள்ளைகள் எத்தகைய ஆற்றல்களோடு முதலாந் தரத்துக்குள் நுழைகிறார்கள் என்பதை ஆரம்ப நாள்களிலேயே விளையாட்டு, படம், கதை ஆகியவற்றின் வழியாக இனங்கண்டு பதியும் முறை 1999ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு நாடெங்கும் வந்தது. அதன்படி ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “உங்கட வீட்டை வடிவாக் கீறுங்கோ” என்றாள். பெரும்பாலான பிள்ளைகள் அடுத்தவன் முகத்தைப் பார்த்தனர். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும் பென்சிலை இறுகப் பிடித்துத் தாளின் குறுக்கே அழுத்தி இழுத்தான். தாள் கிழிந்தது. அவள் இன்னொரு தாள் கொடுத்துச் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். அவன் முன்னிலும் கவனமாக, முன்னிலும் ஆழமாக இழுத்தான். பின்பு பாராட்டை எதிர்பார்ப்பவன் போல நிமிர்ந்து பார்த்தான்.

அன்று மாலை பதிவேட்டில் அவனது பெயருக்கு எதிரே, “அறிவுறுத்தல்களைப் பின்பற்ற இயலாதவன், விசேட கவனம் தேவை” என மையினால் எழுதினாள்.

புதன்கிழமை இடைவேளையின்போது, மூன்றாந் தரத்து மூத்த ஆசிரியை அவளது தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்த நீர் கொண்டுவந்தார். அதே தோட்டத்து லயமொன்றிலே பிறந்து, அதே மண்டபத்திலே படித்து, அங்கேயே ஆசிரியையானவர் அவர். கிழிந்த தாள்களின் கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்கதானே டீச்சர் கீறச் சொன்னீங்க? அவன் கீறிட்டான். வரையச் சொல்லியிருந்தா வரைஞ்சிருப்பான்.”

யாழ்ப்பாணத்திலே கீறுதல் என்பது சித்திரம் வரைதல். தோட்டத்திலே அது கூரிய பொருளால் இழுத்துப் பிளத்தல். இருபத்து மூவருள் ஆசிரியையின் சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியவன் அவன் ஒருவனே. பதிவேடோ நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பதிவு அவனோடு இரண்டாந் தரத்துக்கும் போயிருக்கும். அங்கே வருபவர் அதை வாசித்திருப்பார். வாசித்தபின் அவனிடம் அதிகம் எதிர்பார்த்திருக்க மாட்டார். பிள்ளைகள் ‘மெல்லக் கற்போர்’ ஆவதிலே மெல்லக் கற்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு போலும்.

வியாழக்கிழமை “வரையுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். அச்சொல் அவளது நாவிலே புதுச் செருப்புப் போலக் கடித்தது. ஆயினும் பென்சில்கள் இருபத்து மூன்றும் நகர்ந்தன. முன்வரிசைச் சிறுவன் ஒரே கூரையின் கீழ் ஆறு கதவுகளை வரைந்து, மூன்றாவது கதவை மட்டும் கறுப்பாக்கி, “இதுதான் எங்க வீடு” என்றான். பக்கத்திலே தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கூடையோடு ஒரு பெண். அம்மா எங்கே போகிறாள் என்று கேட்டதற்கு, “மலைக்கு” என்றான்.

அவள் உடனே கரும்பலகையிலே வெண்கட்டியால் முக்கோணமாக ஒரு மலையை வரைந்து, இது என்ன என்று வகுப்பைக் கேட்டாள். “கோபுரம்” என்றாள் ஒரு சிறுமி. “கூடாரம்” என்றான் இன்னொருவன். மலை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு மலை என்பது தேயிலை நிற்கும் இடம். அம்மா காலையில் ஏறி மாலையில் இறங்கும் இடம். அட்டை கடிக்கும் இடம். முக்கோணத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? குடாநாட்டிலே கீரிமலை கூடப் பெயரளவில்தான் மலை. சமதரையில் வளர்ந்தவள், பாடநூற் படத்திலே கண்ட மலையை மலையிலேயே வாழும் பிள்ளைகளுக்குக் காட்ட முயன்றாள். இம்முறை பின்வரிசைச் சிரிப்பு எழுமுன்னரே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அடுத்த பக்கத்து வாய்ப்பாடு நின்றுபோய், தட்டிக்கு மேலாகச் சில தலைகள் எட்டிப்பார்த்தன.

வெள்ளிக்கிழமை அதிபரிடம் சென்று, பதிவேட்டிலே பிழையான குறிப்பொன்றை எழுதிவிட்டதாகவும் அப்பக்கத்தை மாற்றலாமா என்றும் கேட்டாள். பதிவேட்டிலே பக்கம் மாற்றும் வழக்கமில்லை, ஒற்றைக் கோட்டால் வெட்டித் திகதியிட்டு ஒப்பமிட வேண்டும் என்றார் அவர். அவள் கோடொன்று கீறினாள். எழுதியது கோட்டுக்கு அடியிலும் தெளிவாகவே தெரிந்தது.

அன்றிரவு தங்கியிருந்த வீட்டின் முற்றத்திலே, தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மூலையைத் தேடி நின்றுகொண்டு ஊரோடு பேசினாள்.

“குளிரோ பிள்ளை? மாமா உன்ர இடமாற்றத்தைப் பற்றி ஆரோடையோ கதைச்சவராம்.”

“அதைப் பேந்து பாப்பம், அம்மா” என்றாள்.

பின்னர் உள்ளே வந்து பதிவேட்டை மீண்டும் விரித்தாள். இருபத்திரண்டு பெயர்களுக்கு எதிரே ஏதோ எழுதப்பட்டிருந்தது. யன்னலோரச் சிறுமி ஒருத்தி மட்டும் ஐந்து நாளும் ஒரு சொல்லும் பேசவில்லை. பென்சிலைத் தொட்டாளே தவிரத் தாளில் எதுவும் வரையவுமில்லை. அவளது பெயருக்கு எதிரே பேனையை வைத்து, சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மூடினாள்.