எடைக்குப் போன ஃபிலிம்கள்

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேக்களை பழைய சாமான் வாங்கும் பங்கார்க்காரரிடம் எடைக்குப் போட்டது நான்தான். நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஒற்றைப் படுக்கையறை வீடு, இடமில்லை என்பது சாக்கு. 14க்கு 17 அங்குல உறை பீரோவுக்குப் பின்னால் பேசாமல் நின்றிருக்கும்.

தாராவியில் தோல் வேலை பார்த்த காலத்தில் அப்பாவுக்குக் காசநோய் வந்து குணமானது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோதும் அந்த உறையைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றியவர் அவர். நானோ மடிக்கணினியின் வெள்ளைத் திரைமேல் ஃபிலிமை ஒட்டி, கைபேசியில் படம்பிடித்து, வாட்ஸ்அப்பில் போட்டுவைத்தேன்.

"பத்திரமா இருக்குமால?"

"காலத்துக்கும் இருக்கும்ப்பா."

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் முடியாது. மகாபே அலுவலகத்தில் ஆவணங்களை ஸ்கேன் செய்வதுதான் என் பிழைப்பு. எக்ஸ்ரேயின் அடர்ந்த கறுப்பு, விழுகிற ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடும். வெளிர்ந்த இடம் பெரும்பங்கை விட்டுவிடும். கைபேசி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றைத் தவறவிடும். திரைப்புள்ளிகள் வரிவரியாகப் படத்தில் ஏறும். மிச்சத்தை வாட்ஸ்அப் நசுக்கிவிடும். மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும், 16 பிட்டில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு இருமல் விடவில்லை. புதிய படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல். பழைய தழும்பா, புதிதா? மருத்துவர் பழைய ஃபிலிமைக் கேட்டார். கைபேசியை நீட்டினேன். வலது பக்கத்தைக் காட்டும் 'ஆர்' எழுத்தையே நான் வெட்டியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சளிப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எழுதினார். பழைய மருத்துவமனையில் போய்க் கேட்கவும் வழியில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் உள்நோயாளிகளின் ஆவணங்களையே 3 ஆண்டுதான் வைத்திருக்கச் சொல்கின்றன.

"கம்ப்யூட்டர்ல இருக்குல்லா, எடுத்துக் காட்டுல" என்றார் அப்பா. ஃபைல் கெட்டுப்போச்சு என்று அடுத்த பொய்யையும் சொன்னேன். ஃபிலிமை எடைக்குப் போட்ட அன்று, அதில் வெள்ளி இருப்பதால் பங்கார்க்காரர் ஆசையாக வாங்கிக்கொண்டார். கிடைத்த காசு ஒரு வேளை வடாபாவுக்குச் சரியாகப் போனது.

நிழல் பழைய தழும்புதான். அது என் அதிர்ஷ்டம். அப்பாவிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.

நகல் எடுப்பவர்கள் எடுங்கள். பெயரும் தேதியும் பக்கக்குறியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எடுத்த பிறகும் ஃபிலிமை ஈரம் படாமல் வீட்டிலேயே நிறுத்திவையுங்கள்.