வல்வெட்டித்துறையில் ஒரு பிஸ்கற் பேணி

பருத்தித்துறைக்கு மேற்கே, கடலோர வீதியில் அமைந்தது வல்வெட்டித்துறை. இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தமை பலரும் அறிந்தது. அக்கீர்த்தியை நினைந்தவாறே சென்ற மாசி மாதம் அங்கே உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன்.

கரையில் வலை உதறிய முதியவர் ஒருவர், சிக்கியிருந்த கடற்பாம்பைக் கோலால் எடுத்துக் காட்டினார். "வாலைப் பாருங்கோ, வாத்தியார், துடுப்புப்போலத் தட்டை. உடம்பிலை செதிலும் இருக்கு. விலாங்கெண்டு கை வைக்கக் கூடாது" என்றார். நிறத்தையன்று, உருவை நோக்கவேண்டும் என்னும் அப்பாடம் அன்று மாலையே பயன்பட்டது.

உறவினரின் மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஒரு பிஸ்கற் பேணியைக் கொணர்ந்தான். துளையிட்ட மூடியின் கீழே கரிய பாம்பொன்று சுருண்டு, தலையை உடலுக்குள் மறைத்துக் கிடந்தது.

"வெள்ளிக்கோல் வரையன், மாமா. விஷமில்லை. மூண்டு நாளாய் வளர்க்கிறன், சீறினதுகூட இல்லை" என்றான்.

உற்று நோக்கினேன்; நெஞ்சு திடுக்குற்றது. வெள்ளிக்கோல் வரையனுக்கு வெண்பட்டைகள் கழுத்தருகே தெளிவாய்த் தொடங்கி, வாலை நோக்கி மங்கும், தலை தட்டையானது. இதற்கோ முன்னுடலிற் பட்டையில்லை; பின்னுடலில் மெல்லிய வெண்கோடுகள் இரண்டிரண்டாய்த் தெளிந்திருந்தன. முதுகின் நடுவே பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசை. ஐயமில்லை, கட்டுவிரியன்!

இளங் கட்டுவிரியனுக்கு முன்னுடலிலும் வெண்குறிகள் காணப்படலாம்; முதிர்ந்த வரையனுக்குப் பட்டைகள் மங்கிவிடலாம். கருமை, கபிலம் என நிறமும் வேறுபடும். அது சாதுவாய்க் கிடந்ததும் பழக்கத்தினாலன்று. பகலில் மந்தமாயிருத்தல் அதன் இயல்பு. இரவில் நடமாடி, நிலத்தில் துயில்வோரைத் தீண்டும். கடிவாயில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. விடியுமுன் இமை சோர்ந்து மூச்சும் அடங்கலாம்.

மூடியை இறுகக் கட்டி, வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவித்தோம். பையன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "பேணி என்ரை தலைமாட்டிலைதான் இருந்தது, மாமா" என்றான். அவன் தாயார் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மாணவர்களே! பாம்புகளை அறிய விரும்புதல் நன்று. கையில் எடாமலே அறிந்துகொள்ளுங்கள். தீண்டினால் கீறுதலும் உறிஞ்சுதலும் வேண்டா. அங்கத்தை அசையாது வைத்து உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். இலங்கையில் வழங்கும் விஷமுறி மருந்து பெரும்பாலும் அக்கரையிலிருந்து வருவது. சென்னைக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து விஷம் எடுத்து உதவுகின்றனர். தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய அவர்களே அஞ்சிக் கையாளும் உயிரை, நாம் பேணியில் அடைத்து வளர்க்கலாமோ?