ஒரே வலை

சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு. 1959 முதல் 1965 வரை. கப்பல்கள் மட்டும் 40-க்கு மேல்.

கப்பல்களின் பூர்வீகம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

சோவியத்தின் 'வித்யாஸ்'. 1939-ல் ஜெர்மனியில் வாழைப்பழம் ஏற்றக் கட்டிய கப்பல். போருக்குப் பிறகு கை மாறியது.

அமெரிக்காவின் 'ஆன்டன் புரூன்'. அதற்கு முன்னால் அதன் பெயர் 'வில்லியம்ஸ்பர்க்'. ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகு.

இந்தியாவின் 'ஐ.என்.எஸ். கிஸ்ட்னா'. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்க்கப்பல்.

ஆன்டன் புரூன் டென்மார்க் விஞ்ஞானி. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்துக்கு முதல் தலைவர். 1961-ல் இறந்துபோனார். அமெரிக்கர்கள் தங்கள் கப்பலுக்கு ஒரு டேனிஷ்காரரின் பெயரை வைத்தார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாகிஸ்தானும் ஒரு கப்பல் அனுப்பியது. 'சுல்ஃபிகார்'.

1965 செப்டம்பர். இந்தியாவும் பாகிஸ்தானும் போரில்.

வலையைப் பற்றி எழுத வேண்டும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கடலில் மிதக்கும் சின்ன உயிர்களை அள்ளும் வலை. ஆளுக்கொரு வலை போட்டால் அள்ளியதை ஒப்பிட முடியாது. அதனால் எல்லாக் கப்பலுக்கும் ஒரே மாதிரி வலை. வடிவமைத்தவர் பிரிட்டனின் ரொனால்ட் கரி. வாய்ப் பரப்பு 1 சதுர மீட்டர். கண்ணி 0.33 மில்லிமீட்டர். 200 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, நேர் மேலே இழுக்க வேண்டும்.

யார் இழுத்தாலும் அதே 200 மீட்டர். ரஷ்யனோ அமெரிக்கனோ.

இழுத்ததைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. கொச்சிக்கு அனுப்பினார்கள். யுனெஸ்கோ உதவியோடு அங்கே ஒரு மையம். பிரிப்பதற்கென்றே.

பிரிப்பது என்றால்?

ஃபார்மலின் ஜாடியிலிருந்து கொஞ்சம் ஊற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாக ஒதுக்குவது. இறால் குஞ்சு ஒரு பக்கம். மீன் குஞ்சு ஒரு பக்கம். அம்புப் புழு தனி. மீதி பெரும்பாலும் கோப்பிபாட். கடுகளவுகூட இல்லாத உடம்பு, அதில் நீளநீளமாக இரண்டு உணர்கொம்பு. அதை ஒடிக்காமல் எடுக்க வேண்டும்.

அப்படிப் பிரித்தவற்றில் ஒரு பங்கு நிபுணர்களுக்குப் போனது. அடையாளம் காண.

பிரித்த கைகளின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பல்களின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

1966 ஜனவரி 1. ஆய்வு முடிந்த கையோடு இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. முதல் இயக்குநர் என். கே. பணிக்கர். அந்த ஆய்வில் இந்தியாவின் பங்கை நடத்தியவரும் அவர்தான்.

1971. அந்த ஆய்வின் அளவீடுகளை வைத்து, கடலியலாளர் கிளாஸ் விர்ட்கியின் இந்தியப் பெருங்கடல் வரைபடத் தொகுதி வந்தது. கப்பல்கள் கரை சேர்ந்து ஆறு வருஷம் கழித்து.

2023 ஜூன் 19. கடலுக்காக நாடுகள் மறுபடி ஒன்றுகூடின. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலைக் காக்க ஐ.நா.வில் உடன்படிக்கை நிறைவேறியது. 2026 ஜனவரி 17 முதல் அமல். ரொம்பத் தாமதம். ஆனாலும் வந்துவிட்டது.

இதற்கிடையில் கடலே மாறிவிட்டது. மேற்கு இந்தியப் பெருங்கடல் கோடைக்காலத்தில் 1901-லிருந்து 2012-க்குள் சுமார் 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது.

அறுபதுகளின் கடல் அந்த ஜாடிகளில் இருக்கிறது. கொச்சியில்.

இனி அதே இடத்தில், அதே மாதத்தில் வலை போட்டாலும் அதே கடல் கிடைக்காது.

ஜாடியில் ஃபார்மலின் வற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். கோப்பிபாட்டைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வேலைக்கு இளம் பிள்ளைகள் வரவேண்டும். வந்தவர்களுக்கு அரசு நிரந்தரச் சம்பளம் கொடுக்க வேண்டும்.